மக்கள் பூங்காவும் விக்டோரியா மண்டபமும்: கேளிக்கைக் கட்டடமொன்றின் சமூக வரலாறு

வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் கோயிலின் தீர்த்த நாளாகிய சித்திரைப் பௌர்ணமியன்று அவ்வூரில் இந்திர விழா நடைபெறுகின்றது. அன்றிரவு வீதியே அரங்காகிவிடும். ஒளி அலங்காரங்கள், இசை நிகழ்ச்சிகள், வானிலேறும் புகைக்குண்டுகள் யாவும் திறந்த வெளியில் நிகழ்வன. நுழைவுச் சீட்டு இல்லை, வாயிற்காவலனும் இல்லை. இதனைச் சிலப்பதிகாரம் கூறும் புகாரின் இந்திர விழாவோடு நேர்கோட்டில் இணைத்துப் பெருமை பேசுவோர் உளர். இடையிலுள்ள நூற்றாண்டுகளின் சமூக மாற்றங்களை ஒரே பாய்ச்சலிற் கடக்கும் அத்தகைய வரலாற்றுணர்வு நமக்கு உடன்பாடானதன்று. யாழ்ப்பாணத்துக் கோயிற் சூழல் எல்லோர்க்கும் ஒரு தன்மையாய்த் திறந்திருந்தது என்று கொள்வதும் தவறு. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நாம் மறத்தற்கில்லை. ஆயினும் இவ்விழா ஒரு வினாவை எழுப்புகின்றது. வீதியிற் கூடி மகிழ்ந்த தமிழ் மக்களிடையே, கேளிக்கையானது சுவரும் கதவும் கட்டணமும் கொண்ட கட்டடத்துள் எவ்வாறு, எவர் பொருட்டுப் புகுந்தது?

இவ்வினாவின் விடையைத் தேடுவோர் பாக்கு நீரிணையைக் கடந்து சென்னைக்குச் செல்ல வேண்டியவராவர். வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் சோழமண்டலக் கரையோடு வாணிகம் புரிந்த காலத்தில், நாடகப் பாணிகளும் பாட்டு மெட்டுக்களும் அக்கரையிலிருந்தே இக்கரை சேர்ந்தன. அங்கு, 'மக்கள் பூங்கா' எனப் பெயரிடப்பட்ட பெரிய கேளிக்கைப் பூங்காவினுள் எழுந்ததே விக்டோரியா பொது மண்டபம்.

அப்பூங்கா 1859இல் ஆளுநர் சேர் சார்ல்ஸ் ட்ரெவெலியன் வகுத்த திட்டமாகும். 1840களின் அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின்போது, பிரித்தானியத் திறைசேரியிலிருந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த அதிகாரியும் இவரே. கறுப்பர் நகரம் என அன்று வழங்கப்பட்ட பகுதிக்கு மேற்கே, 116 ஏக்கர் நிலத்தில், பதினொரு குளங்களும் பாதைகளும் இசை மேடையும் கொண்டதாகப் பூங்கா அமைந்தது. எட்வேட் பல்ஃபர் 1855இல் அருங்காட்சியகத்தோடு தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையும் பின்னர் இங்கு கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்தில் டார்பி, பேர்க்கன்ஹெட் முதலிய இடங்களில் 1840களில் தோன்றிய பொதுப் பூங்காக்களே இதற்கு முன்மாதிரி. அவை, சாசன இயக்கத்தாற் கிளர்ந்தெழுந்த தொழிலாளரின் ஓய்வுப் பொழுதை 'ஒழுங்குபடுத்த' விரும்பிய ஆளும் வர்க்கத்தின் ஆக்கங்கள். சென்னையிலோ பக்கிங்காம் ஆலை 1870களின் பிற்பகுதியிலேதான் தோன்றிற்று. ஆலைத் தொழிலாளி தோன்றுமுன்பே அவனுக்கான பூங்கா இறக்குமதியாகிவிட்டது எனலாம்.

ஆண்டிறுதியிற் பூங்காவிற் சந்தையொன்று கூடும். பார்க் ஃபேர் என்பது அதன் பெயர். காட்சிகளும் கடைகளும் தற்காலிகக் கொட்டகைகளில் நடைபெறும். நகர மக்கள் குடும்பங்களோடு திரள்வர். 1886 டிசெம்பர் 31ஆந் திகதி அக்கொட்டகைகள் தீப்பற்றின. நானூறு பேருக்கு மேல் மாண்டனர். சென்னையின் சமூக வரலாற்றில் இத்தகைய பேரழிவுகள் மிகச் சிலவே. இருந்தும், நகரின் பெருமை பேசும் நூல்களில் இதற்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே. ஆளுநர்களின் வருகையும் பிரிவும் அந்நூல்களிற் பக்கம் பக்கமாக வருகின்றன. விபத்து என்ற சொல்லோடு இதனை விட்டுவிடலாமா? எளிதில் எரியும் கொட்டகையுள் பெருங்கூட்டத்தை அடைத்து நடத்தப்படும் கேளிக்கையில், தீயின் தொடக்கம் தற்செயலாயிருக்கலாம். மாண்டவரின் தொகை தற்செயலானதன்று.

அதே பூங்காவில் அதே ஆண்டுகளில் நிகழ்ந்த மற்றொன்றை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். நகரத்துக்கு ஒரு மண்டபம் வேண்டுமெனப் பிரமுகர்கள் 1882இற் கூடி முடிவு செய்தனர். 1883 டிசெம்பர் 17இல் விஜயநகர மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அத்திவாரக் கல் நாட்டினார். பூங்கா நிலத்தில் 57 மனைகள், 1886 ஏப்பிரல் முதலாந் திகதியிலிருந்து 99 ஆண்டுகளுக்கு, பெயரளவான வாடகைக்கு மண்டப நம்பிக்கைப் பொறுப்பினர்க்குக் குத்தகையாயின. ஒன்பது மாதங்களின் பின் தீ மூண்டது. 1887இல் அரசியாரின் பொன்விழா வந்தது. 1888 ஜனவரியில் மண்டபத்துக்கு அவர் பெயரையே இடுவதெனத் தீர்மானமாயிற்று. மக்களின் பெயரைத் தாங்கிய பூங்காவில் மக்கள் எரிந்தனர். அதனருகே எழுந்த கட்டடம் பேரரசியின் பெயரைத் தாங்கிற்று. றொபேட் சிஸம் வரைந்த திட்டப்படி, நம்பெருமாள் செட்டியார் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் கட்டிய இந்தோ-சரசனிக் கட்டடம் அது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு கூடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுநூறு பேர் அமரத்தக்கது. கட்டடக் கலை என்ற வகையில் அதன் அழகை நாம் மறுக்கவில்லை. அறுநூறு ஆசனம் எவர்க்குரியது என்பதே வினா.

இவ்வினாவுக்கு நாடக வரலாறு தெளிவான விடை தருகின்றது. பல்லாரி கிருஷ்ணமாசாரியாரின் குழு 1891இற் சென்னையில் நடித்த நாடகங்களாற் கவரப்பட்ட பம்மல் சம்பந்த முதலியார், அவ்வாண்டே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். நெடுங்காலம் இம்மண்டபமே சபையின் இருப்பிடமாயிற்று. அதுவரை நடிகன் 'கூத்தாடி' என இழிக்கப்பட்டான். சபையின் நடிகர்களோ வழக்கறிஞர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள், கல்லூரி கற்றோர். விடிய விடிய நிகழ்ந்த நாடகம் சில மணி நேரத்துள் அடங்கிற்று. மறுநாட் காலை அலுவலகம் செல்வோரின் கால அட்டவணை நாடகத்தின் வடிவத்தையே மாற்றிற்று. கலை வடிவம் சமூக அடித்தளத்தாற் பாதிக்கப்படுவதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. சம்பந்த முதலியாரின் உழைப்பும் நாடகத்துக்கு அவர் தேடித்தந்த மதிப்பும் உண்மையானவை. ஆனால் அம்மதிப்பு, தொழிலாக நடித்து வயிறு வளர்த்தவனுக்கு உரிய பங்கினைத் தரவில்லை. ஊதியம் பெறாது நடிப்பதே கௌரவம் என்ற கருத்துநிலை, ஊதியத்துக்கு நடித்தவனை மேலும் தாழ்த்திற்று.

நம் நாட்டுக்கு இம்மரபு நேரடியாகவே வந்தது. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் 1913இற் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை நிறுவினார். ஆங்கிலங் கற்ற உத்தியோகத்தரே அதன் உயிர்நாடி. அதே வேளை, தென்னிந்தியத் தொழில்முறைக் குழுக்களிடமிருந்து வந்த இசை நாடகம் யாழ்ப்பாணத்திற் 'கொட்டகைக் கூத்து' எனப் பெயர் பெற்றது. பின்னாளில் வி. வி. வைரமுத்துவின் குரலில் அது கிராமந்தோறும் வாழ்ந்தது. சென்னைப் பூங்காவில் மண்டபமும் கொட்டகையுமாய்ப் பிரிந்து நின்ற இரு உலகங்கள், கடல் கடந்த பின்னரும் பிரிந்தே நின்றன.

1897ஆம் ஆண்டையொட்டி இம்மண்டபத்திலேயே சென்னையின் முதற் சலனப்படக் காட்சிகள் நடைபெற்றன. தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியே லூமியர் சகோதரர் 1895இற் பொதுமக்களுக்குக் காட்டிய முதற் படங்களுள் ஒன்று என்பது நினைவுகூரத்தக்கது. அதே 1897இல், பெப்ரவரி மாதம், சென்னை வந்த விவேகானந்தருக்கு இங்கு வரவேற்பு ஏற்பாடாயிற்று. வெளியே திரண்ட கூட்டம் திறந்தவெளிக் கூட்டமே வேண்டுமென ஆரவாரித்தது. அவரும் வெளியே வந்து வண்டியொன்றின் மேல் நின்று பேசினார். அவர் கருத்துக்களோடு நமக்குள்ள வேறுபாடு ஒருபுறமிருக்க, மண்டபத்தின் கதவை மக்கள் திரள் வென்ற அரிய தருணம் அது. சிங்காரவேலர் 1923 மே முதல் நாள் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடியபோது கடற்கரையையே தெரிந்துகொண்டார். அங்கு ஆசனக் கணக்கு இல்லை.

பூங்கா காலப்போக்கிற் கூறு கூறாயிற்று. 1900இல் மூர் சந்தை, 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கு என ஒவ்வொன்றும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. சினிமா பெருகியதும் சபைகளின் காலம் முடிந்தது. சுகுண விலாச சபையும் 1930களில் வேறிடஞ் சென்றது. மண்டபத்தின் 99 ஆண்டுக் குத்தகை 1985 மார்ச் 31இல் முடிவுற்றது. சரியாக இரண்டு மாதங்களில், மே 30இல், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்பெற்ற மூர் சந்தை தீக்கிரையானது. அவ்விடத்தில் இன்று புகையிரத நிலையக் கட்டடம் நிற்கின்றது. விலங்குகளும் அக்காலத்திலேயே வண்டலூருக்குச் சென்றன.

குத்தகை வழக்குகளால் நெடுநாட் பூட்டிக்கிடந்த மண்டபத்தை மாநகராட்சி 2023இற் புனரமைக்கத் தொடங்கிற்று. அதன் வரலாற்றை எழுதுவோர் அத்திவாரம் இடப்பட்ட 1883 டிசெம்பர் 17ஐக் குறிக்கத் தவறமாட்டார். அதற்கு அடுத்த வரியில் 1886 டிசெம்பர் 31உம் எழுதப்படல் வேண்டும்.