புதுச்சேரி என்றால் பீச் ரோடு மட்டும்தானா? நடக்கவும் சைக்கிளில் சுற்றவும் 4 ரூட்!

வார இறுதியில் புதுச்சேரி போகும் பலரும் கடற்கரைச் சாலை, ஒயிட் டவுன் என்று நகரத்துக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சைக்கிளை மேற்கே, தெற்கே கொஞ்சம் திருப்பினால் ஏரிக்கரை, ஆற்றங்கரை, நெல்வயல் என வேறொரு புதுச்சேரி வந்துவிடும். எங்கே போகலாம்? எதில் கவனம் தேவை?

1. கடற்கரைச் சாலை (நடக்க)
சுமார் 1.5 கி.மீ. நீளம். மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகள், வயதானவர்களோடு போக இதுதான் பாதுகாப்பான இடம்.

2. அரிக்கமேடு (நடை + சைக்கிள்)
நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய துறைமுக ஊர். 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இங்கே பெரிய கட்டடங்களை எதிர்பார்த்துப் போகாதீங்க. சில இடிந்த சுவர்கள், மரநிழல், ஆறு, அமைதி... அவ்வளவுதான். அதுவே அழகு!

3. ஊசுட்டேரி (சைக்கிள்)
மேற்கே சுமார் 10 கி.மீ. பத்துக்கண்ணு சாலையை ஒட்டிய ஏரி. பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. புதுச்சேரி பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான நேரம்.

4. பாகூர் (நீண்ட சைக்கிள் பயணம்)
தெற்கே சுமார் 20 கி.மீ. புதுச்சேரியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இங்குள்ள ஏரிக்கு வருகிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இந்த ஊரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு 3 கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர் செப்பேடு சொல்கிறது. சோழர் கால மூலநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.

எதில் கவனம்?
* பாகூருக்குக் கடலூர் சாலை நேர்வழிதான். ஆனால் பஸ், லாரி அதிகம். தூரம் கூடினாலும் வில்லியனூர், ஏம்பலம் வழியாகக் கிராமங்களுக்குள் போவது நல்லது.
* இந்தச் சாலைகளில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை கிடையாது. ஹெல்மெட், பின்பக்க லைட் கட்டாயம்.
* வெயில் ஏறும் முன் திரும்பும்படி காலை 6 மணிக்கே கிளம்பிடுங்க. தண்ணீர், பஞ்சர் கிட் கையில் இருக்கட்டும்.
* ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டாம். சேறும் ஆழமும் மேலே இருந்து தெரியாது.
* மழைக்காலத்தில் கரை வழுக்கும். தார்ச்சாலையை விட்டு இறங்காதீங்க.
* அவசரத்துக்கு 112.

ஏன் இது முக்கியம்?
இந்த ஏரிகள் வெறும் செல்ஃபி ஸ்பாட் அல்ல. சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனம், கிணறுகளுக்கு நிலத்தடி நீர், பறவைகளுக்கு வீடு எல்லாமே இவைதான். கரையில் வீசும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கடைசியில் தண்ணீருக்குள்தான் போய்ச் சேரும். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாங்க. சத்தமாகப் பாட்டு போடாமல் இருந்தால், பறவைகள் பக்கத்திலேயே தெரியும்.