சென்னைப் பட்டணத்து அங்காடியும் உண்டிச்சாலையும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையையும் கொடியையும், ஆண்டவரையும் அவர்தம் போரையும் கூறி அமைவது வழக்கம். அஃது ஒரு வரலாறே. ஆயினும், அந்நகரத்தில் வாழ்ந்தோர் யாரிடம் பொருள் வாங்கினர், எவர் சமைத்த சோற்றை உண்டனர், எவர் அருகில் இலை போட்டு அமர்ந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதும் வரலாறேயாம். சாதியின் பெயரால் ஒன்றுகூடிய நம்போன்ற சங்கத்தார்க்கு இவ்வினாக்கள் மற்றெல்லாவற்றினும் நெருங்கியவை. ஆதலின் சென்னைப் பட்டணத்து அங்காடிகளையும் உண்டிச்சாலைகளையும் திருவிழாக்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஒன்றை நினைவில் இருத்துதல் வேண்டும். நம் முன்னோர் வழக்கில் பச்சைப் பொருளுக்கு ஒரு நீதியும் சமைத்த பொருளுக்கு வேறொரு நீதியும் இருந்தன. கத்தரிக்காயை எவர் கையினின்றும் வாங்கலாம். அதே காய் கறியாகி இலைக்கு வரும்போது, சமைத்தவர் யார், பரிமாறுவோர் யார் என்னும் கேள்வி எழும். ஒரே பந்தியில் ஒருங்கமர்தலோ அதனினும் அரிது. சென்னையின் வரலாறு இம்மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக ஏறிய வரலாறு என்பது எம் கருத்து.

1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் இக்கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபின், நெய்வோரும் சாயமிடுவோரும் வணிகரும் துபாஷிகளும் நாற்றிசையினின்றும் வந்து குடியேறினர். வந்தவர் தத்தம் சாதிக் கட்டுப்பாட்டையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தனர். 1707-ஆம் ஆண்டில் வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் எத்தெருவில் எவர் ஊர்வலம் செல்வது என்பது பற்றிப் பெரும் பூசல் விளைந்தது. அந்நாளைய கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டுப் பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையார்க்கும் வகுத்து வைக்கவேண்டியதாயிற்று. தெருவே பிரிந்து கிடந்த ஊரில் பந்தி எவ்வாறு கூடும்?

ஆனால் அங்காடி கூடிற்று. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்திலிருந்த பழைய கறுப்பர் பட்டணம், கோட்டையின் காவலை முன்னிட்டு இடிக்கப்பட்டு, வடபால் புதிய நகரம் எழுந்தது. 1911-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றது அப்பகுதியே. அதன் நடுவில் கொத்தவால் சாவடி நெடுங்காலம் பட்டணத்தின் வயிற்றை நிரப்பி வந்தது. வைகறைக்கு முன்பே வண்டிகள் வந்து நிற்கும். தரகரும் சுமையாளரும் சில்லறை வணிகரும் தோளோடு தோள் உராய்ந்து நிற்பர். அங்கே விலையைக் கேட்பாரேயன்றிக் குலத்தைக் கேட்பாரில்லை. இடநெருக்கடி மிகுந்தமையால் 1996-ஆம் ஆண்டில் அவ்வணிகம் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி அச்சந்தை மூடப்பட்டபோதுதான், ஒரு நகரம் முழுதும் எத்தனை ஊராரின் கையை நம்பி உண்கின்றது என்பது பலர்க்கு விளங்கிற்று.

இனி, மூர் மார்க்கெட்டையும் குறித்தல் தகும். நகராண்மைத் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் என்பாரின் பெயர்தாங்கி, 1900-ஆம் ஆண்டில் சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே திறக்கப்பட்ட அச்செங்கட்டடத்தில் காயும் கனியும் இறைச்சியும் விற்றன. பின்னாளில் பழைய புத்தகங்களும் பலவகைப் பண்டங்களும் அதன் புகழை வளர்த்தன. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. ஏழையும் செல்வரும் ஒரே வாயிலால் நுழைந்த இடம் அது.

இவ்வாறு முதற்படியைப் பட்டணம் எளிதில் ஏறிற்று. இரண்டாம் படியே கடினமாயிற்று. இதற்கு எம் குடும்பத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்ல விரும்புகின்றோம். எம் பாட்டனார் 1930-களில் தம் தோட்டத்துக் காய்களைக் கொத்தவால் சாவடிக்குக் கொணர்ந்து விற்று வந்தார். ஓர் உண்டிச்சாலைக்காரர் அவரிடம் வாடிக்கையாகக் காய் வாங்குவார். ஒருநாள் பசி மிகுந்து, காயை இறக்கிய கையோடு அவ்வுண்டிச்சாலையிலேயே சோறு கேட்டார் பாட்டனார். அவரைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் அமர்த்தி இலையிட்டனர். “என் கத்தரிக்காய் முன்வாசலால் உள்ளே போயிற்று, நான் பின்வாசலில் உட்கார்ந்தேன்” என்று அவர் இறுதிநாள் வரையிற் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காலத்து நிலை அஃதே. சத்திரங்களில் இன்ன சாதியார்க்கு இன்ன கூடம் என்னும் வரையறை இருந்தது. காபி கிளப்புகள் பெருகியபோது, ‘பிராமணாள்’ என்னும் சொல்லைத் தாங்கிய பலகைகளும் உடன் பெருகின. இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் பிராமணர்க்கென்றும் மற்றையோர்க்கென்றும் இடம் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரே வண்டியில், ஒரே பலகையில் அமர்ந்து வந்தோர், இறங்கியதும் இருவேறு வாயில்களை நாடினர். தாழ்த்தப்பட்டோர் நிலையோ சொல்லுந்தரமன்று. அவர்க்குப் பல இடங்களில் பின்கட்டும் இல்லை.

இவ்வழக்கம் தானே தேய்ந்து மறைந்ததன்று, போராடி அகற்றப்பட்டது. இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக 1941-ஆம் ஆண்டில் இரயில் நிலையங்களிலிருந்த பிரிவினை ஒழிந்தது. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம், தன் 15-ஆம் பிரிவில், கடைகளிலும் பொது உண்டிச்சாலைகளிலும் விடுதிகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. சட்டம் வந்தபின்னும் பலகை எஞ்சி நின்றது. 1957-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னர், ஈ. வெ. ராமசாமிப் பெரியாரின் இயக்கத்தார் மறியல் தொடங்கினர். மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் சென்று நின்று சிறைப்பட்டனர். மறு ஆண்டில் அச்சொல் பலகையினின்றும் நீங்கிற்று. ஒரு சொல்லை அகற்ற இத்துணைப் பேர் சிறை புகவேண்டியிருந்ததெனில், அச்சொல்லின் வேர் எவ்வளவு ஆழமாயிருந்திருத்தல் வேண்டும்!

உண்டிச்சாலைத் தொழிலும் உள்ளிருந்தே மாறிற்று என்பதை மறைத்தல் நேர்மையன்று. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, அடுக்களை எடுபிடியாகத் தொடங்கி உயர்ந்த கே. கிருஷ்ணராவ் 1938-ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவினார். 1962-இல் தோன்றி 2008 வரை நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் எழுத்தாளரும் வணிகரும் மாணவரும் ஒரு குவளைக் காபியுடன் நெடுநேரம் அளவளாவினர். அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா உள்ளது. 1951-ஆம் ஆண்டில் மவுண்ட் ரோட்டில் எழுந்த புகாரி ஓட்டல், பிரியாணியை எல்லாச் சமயத்தார் நாவிற்கும் பழக்கிற்று. 1960-களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து மீண்ட தமிழர், கடற்கரை நிலையத்தை அடுத்த தெருக்களில் அத்தோ என்னும் பர்மிய உணவைத் தள்ளுவண்டியில் விற்று வாழ்வு தேடினர். சவுக்கார்பேட்டைத் தெருக்களிலோ குசராத்தியரும் மார்வாரியரும் தத்தம் பலகாரங்களைக் கொணர்ந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் தம் அடுப்பைக் கொணர்ந்தனர். பட்டணம் ஒவ்வோர் அடுப்பிலும் உண்ணக் கற்றது.

மூன்றாம் படியாகிய பந்தியைத் திருவிழாக்களிற் காணலாம். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம், மாதந்தோறும் அவ்வூரில் நிகழ்ந்த விழாக்களை வரிசைப்படுத்துகின்றது. அதன் முதற்பாட்டிலேயே அடியார்க்கு உணவிடுதல் கூறப்படுகின்றது. அம்மரபின் தொடர்ச்சியெனவே பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் நாளைக் கருதலாம். அன்று மாடவீதிகள் நெடுகிலும் பந்தரிட்டு, நீர்மோரும் பானகமும் சோற்றுப் பொட்டலமும் வழங்குகின்றனர். நீட்டிய கையைப் பார்த்து வழங்குகின்றனரேயன்றி, கைக்குரியவர் குலத்தைப் பார்த்தன்று. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறப்போர்க்குச் சிந்தி இந்துக்கள் பல்லாண்டுகளாக உணவு சமைத்துக் கொணர்ந்து பரிமாறி வருகின்றனர். மார்கழியில் இசையரங்குகளை ஒட்டிய சிற்றுண்டிச்சாலைகளில், பாட்டுக் கேளாதாரும் இலை தேடி வருகின்றனர். 2013-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்து, இட்டலி ஒன்றை ஒரு ரூபாய்க்கு வழங்கியபோது, கூலியாளும் மாணவரும் முதியவரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றனர்.

இவையெல்லாம் மகிழத்தக்கனவே. எனினும், படி ஏறி முடிந்தது என எவரும் எண்ணற்க. இரட்டைக் குவளை வழக்கம் சிற்சில ஊர்களில் இன்றும் ஒழிந்தபாடில்லை. பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். பின்கட்டில் அமர்த்தப்பட்ட அவமானத்தை மறவாத அதே பாட்டனார், ஊரில் தம் வயலில் உழைத்தவர்க்குத் திண்ணையின் கீழே தனிக்குவளையில் மோர் வார்த்தார். தமக்கு நேர்ந்தது அநீதி என அறிந்தவர், தாம் செய்வதும் அதுவே என்பதை அறிந்திலர். இதனை எழுத எமக்குக் கூச்சமே. ஆயினும் எழுதாது விடின் வரலாறு பாதியாகும்.

நம் முன்னோர் பட்டணத்திற் சங்கம் கண்டு, சத்திரமும் மாணவர் விடுதியும் எழுப்பியதற்குக் காரணம், உண்ணவும் உறங்கவும் நமக்கு வேறிடம் இல்லாதிருந்தமையே. கதவு அடைக்கப்பட்டோர் கட்டிய வீடு இது. அவ்வீட்டின் கதவை நாம் பிறர்க்கு அடைத்தல் தகுமா? வரும் ஆண்டு விழாவில் நம் பந்தி கூடும்போது, அடுப்படியில் நிற்பவரும், இலையெடுப்பவரும், பந்தலிட்டவரும், தெருவைப் பெருக்கியவரும் நம்மோடு முதற்பந்தியிலேயே அமர்தல் வேண்டும். காயை முன்வாசலால் கொள்வோம்; காய் கொணர்ந்தவரையும் முன்வாசலாலேயே கொள்வோம். பாட்டனாருக்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவேயாம்.