பால்சா மரமும் பழைய பாய்மரப் படகுகளும்

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து ஆறு பேர் ஒரு மிதவையில் கிளம்பினார்கள். நார்வேயைச் சேர்ந்த தோர் ஹெயர்தாலின் 'கான்-டிக்கி' அது. ஒன்பது பெரிய பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியது. பால்சா தண்ணீரைக் குடித்து நடுக்கடலில் மூழ்கிவிடும் என்று எச்சரித்தவர்கள் உண்டு. ஆனால் 101 நாட்கள் கழித்து அது பாலினேசியாவின் ரரோயா தீவில் போய்த்தான் தரை தட்டியது!

இதே பால்சா பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பாய்மரப் படகுகளுக்குள் நுழைந்தது. அங்கே அது கடலோடு போராடவே இல்லை. இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கேதான் அழுகிப் போனது.

பால்சா என்ற ஸ்பானியச் சொல்லுக்கே மிதவை என்றுதான் பொருள். ஈக்வடாரில் அதிகம் விளையும் இந்த மரம் ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டத் தயாராகிவிடும். ஒரு கன மீட்டர் சுமார் 150 கிலோதான் இருக்கும். தேக்கு இதைப் போல நான்கு மடங்கு கனம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், ப்ளைவுட் அடுக்குகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டியதுதான். ஆக, இந்த 'சாண்ட்விச்' யோசனை படகுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல.

1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரிலிருந்து வந்த கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற இருவர் 'டிரைட்டன்' என்ற படகைக் காட்டினார்கள். வடிவமைத்தவர் கார்ல் ஆல்பெர்க். நீளம் 28 அடிக்குச் சற்றுக் கூடுதல். விலை பத்தாயிரம் டாலருக்குள். மரப்படகு வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு இது எட்டும் விலையாக இருந்தது. பின்னர் 700க்கும் மேற்பட்ட டிரைட்டன்கள் கட்டப்பட்டன.

அந்தக் காலத்தில் படகின் அடிப்பகுதியைக் கெட்டி ஃபைபரில் தடிமனாக வார்த்துவிடுவார்கள். டெக் எனப்படும் மேல்தளத்தை அப்படிச் செய்ய முடியாது. மேலே கனம் ஏறினால் படகு அதிகம் சாயும், ரெசின் செலவும் கூடும். மெல்லியதாக வார்த்தாலோ ஆள் நடக்கும்போது வளையும். ஒரு பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே நடுவில் பால்சா வைத்து, மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் அடுக்கு ஒட்டினார்கள். மரத்தின் நார்கள் செங்குத்தாக நிற்கும்படி சிறு கட்டைகளாக நறுக்கி வைப்பது வழக்கமானது. அழுத்தத்தைத் தாங்கும் சக்தி அந்தத் திசையில்தான் அதிகம். தண்ணீர் நார் போகும் வழியில் வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் பரவும் என்பதால், ஓரிடத்தில் புகுந்த ஈரம் சட்டென்று பக்கவாட்டில் பரவாது என்பது இன்னொரு லாபம்.

இதுவரை எல்லாம் சரிதான். கோளாறு மரத்தில் இல்லை, துளையில் இருந்தது. கைப்பிடிக் கம்பியின் தூண், கயிறு கட்டும் கொண்டி என்று டெக்கில் பொருத்தும் ஒவ்வொரு சாமானுக்கும் போல்ட் வேண்டும். பல தொழிற்சாலைகளில் பால்சாவோடு சேர்த்து நேராகத் துளை போட்டு, கொஞ்சம் பசை பூசி முறுக்கிவிட்டார்கள். அந்தப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விட்டுவிடும். பிறகு ஒவ்வொரு மழையிலும் சில சொட்டுகள் உள்ளே இறங்கும். கடல் நீரின் உப்பு பூஞ்சையை ஓரளவாவது தடுக்கும். மழைநீரில் அதுவும் இல்லை. மூடிய சாண்ட்விச்சுக்குள் போன ஈரம் வெளியே வரவும் வழியில்லை. நம் ஊர் மீனவர்கள் கட்டுமரத்தை அவிழ்த்துக் கரையில் காயவைப்பார்களே, அந்த வாய்ப்பு இந்த மரத்துக்குக் கிடையாது. வட அமெரிக்கக் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து, மரத்தையும் ஃபைபரையும் பிரித்துவிடும்.

துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, சுற்றியுள்ள பால்சாவைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளையிட்டால் தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. ஆனால் ஒவ்வொரு துளைக்கும் இரண்டாவது வேலை, ஒரு நாள் காத்திருப்பு! புதுப் படகை வாங்குபவர் கண்ணுக்கு இது தெரியாது. மிச்சமானது தயாரிப்பாளரின் லாபக் கணக்கில் ஏறியது. நஷ்டம், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அதே படகைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கும் நான்காவது, ஐந்தாவது உரிமையாளரின் கணக்கில் எழுதப்பட்டது. பட்டறையில் கொடுத்தால் கூலி படகின் விலையையே தாண்டிவிடும் என்பதால் பெரும்பாலும் அவரே குனிந்து உட்கார வேண்டியிருக்கிறது.

முதலில் சிறு சுத்தியலால் டெக் முழுக்கத் தட்டிப் பார்ப்பார். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும், அழுகிய இடம் மந்தமாக ஒலிக்கும். சிலர் துளை போட்டு எபாக்ஸியை ஊசியால் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஈர மரத்தில் எபாக்ஸி சரியாக ஒட்டாது என்பதால் இது பெரும்பாலும் ஏமாற்று வேலைதான். ஒழுங்கான வழி, வட்ட ரம்பத்தின் ஆழத்தைக் குறைத்து வைத்து மேலடுக்கை மட்டும் அறுத்து நெம்பி எடுப்பது. உள்ளே பால்சா கறுத்துக் களிமண் போலக் கிடக்கும். உளியால் சுரண்டி, காயவிட்டு, கீழடுக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுக் கட்டைகளை எபாக்ஸியில் பதித்துப் பாரம் ஏற்றுவார்கள். அது இறுகியபின் மேலடுக்கை ஒட்டி, அறுத்த ஓரங்களை அகலமாகச் சாய்வாகத் தேய்த்துக் கண்ணாடியிழைத் துணி போட்டு இணைப்பார்கள். கடைசியில் பெயின்ட். வேலை நேரத்தில் பெரும்பகுதி தேய்ப்பதிலேயே போய்விடும். உடம்பெல்லாம் ஃபைபர் தூசி அரிக்கும்.

இவ்வளவு பட்ட பிறகு ஃபோமுக்கு மாறுபவர்களும் உண்டு. ஆனால் பலர் அந்த இடத்தில் திரும்பவும் பால்சாவைத்தான் வைக்கிறார்கள், இந்த முறை போல்ட் துளைகளை எபாக்ஸியால் அடைத்துவிட்டு.