தோலும் குரலும்: அக்காக்குயில் வகைப்பாட்டின் வரலாறு, தரங்கம்பாடி முதல் கொல்லிமலை வரை

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைத் தமிழாய்வு வல்வில் ஓரியின் மலையாகவும் கொல்லிப்பாவையின் இருப்பிடமாகவும் அறியும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையின் மேற்பரப்பு சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கோடை முதிரும்போது, படிப்படியாகச் சுருதி ஏறி உச்சத்தில் சட்டென அறுபடும் மூவசைக் கூவல் ஒன்று இத்தகைய மலைச்சரிவுகளில் பகலிலும் நிலவிரவிலும் கேட்கிறது. அது அக்காக்குயிலின் குரல். தானே கூடு கட்டாமல் தவிட்டுக்குருவி இனங்களின் கூட்டில் முட்டையிடும் இப்பறவையின் அறிவியல் பெயருக்கு அடிப்படையான மாதிரி, தமிழகக் கடற்கரையிலிருந்தே சென்றது. அம்மாதிரி ஓர் உயிரற்ற உடல் என்பது பின்வந்த வகைப்பாட்டுச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள உதவும்.

தரங்கம்பாடி மாதிரி

1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்கை வரலாற்றாய்வின் நிலையமாகவும் விளங்கியது. 1768இல் அங்கு வந்த ஜான் ஜெரார்டு கோனிக், மறைப்பணியாளர்களான கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், ராட்லர் ஆகியோர் தாவரங்களையும் விலங்குகளையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினர். லின்னேயசின் மாணவரும் அடிப்படையில் தாவரவியலாளருமான மார்ட்டின் வால், 1797இல் கோபன்ஹேகன் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தரங்கம்பாடிப் பறவை ஒன்றைக் ‘குக்குலஸ் வேரியஸ்’ எனப் பெயரிட்டு விவரித்தார். அதே இதழில் அவர் விவரித்த சாம்பல் வயிற்றுக் குயிலுக்கும் (குக்குலஸ் பாஸரினஸ்) மாதிரி கிடைத்த இடம் தரங்கம்பாடியே.

‘வேரியஸ்’ என்னும் இலத்தீன் சொல் பலநிறம் விரவியது எனப் பொருள்படும். பெயர் முழுவதும் இறகின் தோற்றத்தைச் சார்ந்தது. பறவை எப்படிக் கூவியது, எந்தக் கூட்டில் வளர்ந்தது என்பவற்றைப் பதப்படுத்திய தோல் சொல்லாது.

பேரினம் மாறிய வரலாறு

அக்காக்குயிலின் சாம்பல் முதுகும் பட்டையிட்ட வாலும் வல்லூற்றை அப்படியே ஒத்திருக்கும். பறக்கும் முறையும் கிளையில் வந்தமரும் விதமும்கூட அதையே நினைவூட்டும். சிறு பறவைகள் இதைக் கண்டு அலறுவது அதனால்தான். இவ்வொப்புமையைக் கொண்டே 1840களில் சாலமன் முல்லர், கிரேக்கத்தில் ‘பருந்துக்குயில்’ எனப் பொருள்படும் ‘ஹையரோகாக்சிக்ஸ்’ என்னும் பேரினத்தை வகுத்தார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் 1862இலும், பிளான்ஃபோர்டு 1895இலும், ஸ்டூவர்ட் பேக்கர் 1927இலும் இப்பேரினத்தையே ஏற்றனர். 1940இல் பீட்டர்ஸ் தம் உலகப் பறவைப் பட்டியலில் இதை மீண்டும் குக்குலஸுக்குள் அடக்கினார். சாலிம் அலியும் ரிப்ளியும் தம் கையேட்டில் அதையே பின்பற்றியதால், இந்தியக் களஆய்வாளரின் ஒரு தலைமுறை ‘குக்குலஸ் வேரியஸ்’ என்றே எழுதிப் பழகியது. மரபணு ஆய்வின் துணையுடன் 2005இல் ராபர்ட் பெய்ன் ஹையரோகாக்சிக்ஸை மீட்டார். ஜெர்டன் எழுதிய பெயருக்குத் திரும்ப ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின!

இப்பேரினத்தில் சிற்றினங்களைப் பிரிப்பதற்குக் குரலே வழிகாட்டியது. தென்கிழக்காசியாவின் ‘ஃபியூகாக்ஸ்’ தொகுதி ஒரே இனமாகக் கருதப்பட்டு வந்தது. பென் கிங் 2002இல் கூவல் வேறுபாடுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு அதனைப் பல இனங்களாகப் பிரித்தார்.

பெயரும் செவியும்

தமிழ்ப் பெயரோ தொடக்கத்திலேயே குரலைப் பற்றியது. தமிழர் செவிக்கு ‘அக்கா’ என்னும் விளியாகக் கேட்ட கூவல், மராத்தியருக்கு ‘பாவுஸ் ஆலா’ (மழை வந்தது) எனவும், ஆங்கிலேயருக்கு ‘மூளைக்காய்ச்சல்’ எனவும் கேட்டது. இதனைக் கொண்டு மரபறிவு அறிவியலை முந்திவிட்டது எனக் கூறுவது மிகை. பிறரால் வளர்க்கப்பட்டது எனப் பொருள்படும் ‘பரபுட்டம்’ என்னும் சொல் கருங்குயிலுக்கே உரியதாக வழங்கியது. அக்காக்குயிலின் ஒட்டுண்ணி வாழ்வை அது சுட்டவில்லை. தானே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் செம்போத்தும் குயில் குடும்பமே என்பதையும் பெயர் வழக்கு காட்டாது. அக்குடும்பத்தின் ஏறத்தாழ 150 இனங்களில் சுமார் அறுபதே அடைகாப்பு ஒட்டுண்ணிகள்.

கொல்லிமலையில் எழும் சிக்கல்

மழை ஓய்ந்தபின் அக்காக்குயில் பெரும்பாலும் கூவுவதில்லை. அதே குளிர்காலத்தில் இமயமலைப் பகுதியிலிருந்து பெரிய பருந்துக்குயில் தென்னிந்திய மலைக்காடுகளுக்கு வலசை வருகிறது. இளம்பருவத்தில் இவ்விரண்டையும் இறகு கொண்டு பிரிப்பது கடினம். ஆகவே கொல்லிமலை போன்ற இடங்களில் குளிர்காலத்தில் கண்ணால் மட்டும் கண்டு எழுதிய பதிவுக்கும், கோடையில் கூவல் கேட்டு எழுதிய பதிவுக்கும் ஒரே மதிப்பளிப்பது பிழையாகும். பட்டியல்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைக் குறிப்பதில்லை.

கூவலும்கூட இனப்பெருக்கத்துக்கு முழுச் சான்றாகாது. இந்தியாவில் இதன் முதன்மை வளர்ப்பினம் காட்டுச் சிலம்பன். சுடலைக்குயிலும் அதன் கூட்டையே நாடுகிறது. இரு குயில்களின் முட்டையும் சிலம்பனின் முட்டையைப் போல நீலநிறமே என்பதால், முட்டையை மட்டும் பார்த்து இனத்தை உறுதி செய்ய இயலாது. அக்காக்குயில் குஞ்சு வழக்கமாக வளர்ப்பினத்தின் முட்டைகளை வெளியே தள்ளிவிடும். ஆயினும் சிலம்பன் குஞ்சுகளோடு சேர்ந்தே அது வளர்வதும் உண்டு என ஜெர்டன் குறித்துள்ளார். எனவே மரவள்ளிக் காட்டின் ஓரத்திலோ காப்பித் தோட்டத்திலோ, சிலம்பன் கூட்டத்தின் பின்னே கரகரத்த குரலில் இரைகேட்டுத் திரியும் குஞ்சைக் கண்டு, அதன் இனத்தையும் ஊட்டும் பறவையின் இனத்தையும் நாளிட்டுக் குறிக்கும் பதிவே உறுதியான சான்றாகும்.