மேற்கு மெக்சிகோவின் ஆழ்குழிக் கல்லறைகளும் சுடுமண் பாவைகளும்

எழுத்தினை விட்டுச் செல்லாத மக்களின் வாழ்வை அறிதற்கு அவர்தம் கல்லறைகளே பெருந்துணையாவன. மெக்சிகோ நாட்டின் மேற்கே, இன்றைய ஹலிஸ்கோ, நயரித், கோலிமா மாநிலங்களில், ஏறத்தாழக் கி. மு. 300 முதல் கி. பி. 400 வரை வாழ்ந்தோர் இத்தகையோர். அவர்தம் ஈமமுறையினையும், கல்லறைகளில் வைத்த சுடுமண் பாவைகளையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் கல்லறையின் அமைப்பை நோக்குவோம். எரிமலைச் சாம்பல் இறுகிய நிலத்தில் கிணறு போன்றதொரு குழியைச் செங்குத்தாக அகழ்ந்து, அதன் அடியில் பக்கவாட்டில் ஒன்றோ பலவோ அறைகளைக் குடைந்தனர். இறந்தோரைக் கிடத்தியபின் அறைவாயிலைக் கற்பலகைகளால் அடைத்துக் குழியை மண்ணால் நிரப்பினர். எட்சத்லானுக்கு அருகிலுள்ள எல் அரெனால் கல்லறையின் குழி 15 மீட்டருக்கும் மிக்க ஆழமுடையது. இம்மரபின் முன்வடிவம் மிச்சோவகானிலுள்ள எல் ஓபெனோவிற் காணப்படுகின்றது. ஏறத்தாழக் கி. மு. 1500-ஐச் சார்ந்த அக்கல்லறைகளுக்குப் படிகள் வழியே இறங்கினர். அங்கும் பந்தாட்டக்காரரின் சிற்றுருவங்கள் கிடைத்துள்ளன.

இனிப் பாவைகளைக் காண்போம். இவற்றுட் பெரியன உள்ளீடற்றன. கோலிமாவின் கொழுத்த நாய்கள் செந்நிறப் பூச்சுப் பெற்று மெருகேற்றப்பட்டவை. சிலவற்றின் முகத்தில் மனித முகமூடியும் உண்டு. நயரித்தின் கலைஞர் ஆண் பெண் இணைகளையும், மக்கள் நிறைந்த வீடுகளின் சிற்றுருக்களையும் வண்ணந்தீட்டிப் படைத்தனர். ஊர்நடுவே வட்டவடிவில் மக்கள் கூடும் காட்சிகளும் உள. தெயுச்சித்லானில் அகழப்பெற்ற வட்ட முற்றங்களின் பயனை அறிதற்கு இவை உதவுகின்றன.

பாவைகளின் பொருள் யாது? முற்பட்ட அறிஞர் இவற்றை அன்றாட வாழ்வின் காட்சிகள் என்றே கொண்டனர். பீட்டர் ஃபர்ஸ்ட் 1960-களில் இக்கருத்தை மறுத்து, தலையிற் கொம்புடைய உருவங்கள் தீயசக்திகளை எதிர்க்கும் மந்திரவாதியரைக் குறிப்பன என்றார். இக்கால ஹுயிச்சோல் மக்களின் சமயநெறியை அதற்குத் துணையாகக் கொண்டார். மார்க் கிரகாமோ, அக்கொம்பு சங்கினின்று தோன்றிய ஆட்சிச்சின்னம் என்றார். நாயுருவங்களுக்கு, இறந்தோரின் உயிரை ஆறு கடத்துவது நாய் என்னும் அஸ்தெக்கு நம்பிக்கையைக் காட்டுவர். ஆயின் அந்நம்பிக்கை 16-ஆம் நூற்றாண்டிற் பதிவு பெற்றது. பாவைகளுக்கும் அதற்குமிடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆதலின் அதனை முடிந்த சான்றாகக் கொள்ளுதல் இயலாது.

இக்கருத்து வேற்றுமைகளுக்கு அடிப்படைக் காரணம் ஒன்றுண்டு. பெரும்பாலான பாவைகள் கொள்ளையரால் தோண்டியெடுக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தவை. ஓவியர் தியேகோ ரிவேரா பெருந்தொகையாகச் சேர்த்தவை 1946-இல் மெக்சிகோ நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் புகழ்பெற்றன. எனினும் எவ்வுருவம் எவர் அருகே, எத்திசை நோக்கி இருந்தது என்பதைப் புகழ் மீட்டுத் தரவில்லை. போலிகளும் பெருகின. பிணத்தை நாடி வந்த பூச்சிகளின் கூட்டுத் தடங்களை உண்மைப் பாவைகளின் மேற்பரப்பிற் கண்டு வேறுபடுத்தும் முறையை இராபர்ட் பிக்கரிங் வகுக்க நேர்ந்தது.

இக்குறையை ஒருவாறு தீர்த்தது உயிட்சிலாபா. 1993-இல் லொரென்சா லோபெஸ் மெஸ்தாஸும் ஹோர்ஹே ராமோஸும் அங்குக் கொள்ளையர் கைபடாத கல்லறையொன்றை அகழ்ந்தனர். 7 மீட்டருக்கும் மிக்க ஆழமுடைய குழியின் அடியில் இரண்டு அறைகள். அறைக்கு மூவராக அறுவர். எலும்புகளை ஆய்ந்தோர் அவருட் பலர் ஒரே குடும்பத்தார் எனத் துணிந்தனர். ஏறத்தாழ 45 வயதுடைய ஆடவர் ஒருவர்க்குச் சங்குகளும் பச்சைக்கல் அணிகளும் மிகுதியாக வைக்கப்பட்டிருந்தன. கலங்களில் உணவின் எச்சங்கள் இருந்தன. எனவே இக்கல்லறை ஒரு குடியின் உயர்வையும் தொடர்ச்சியையும் நிலைநாட்டும் இடமாகவும் விளங்கியதெனக் கருதுகின்றோம். மந்திரவாதி, தலைவன் என்னும் இருநிலைகளும் ஒருவரிடத்தே அமைந்திருத்தலும் கூடும்.

அருங்காட்சியகங்களிலுள்ள எண்ணற்ற பாவைகள் கூறாதவற்றை இவ்வொரு கல்லறை கூறிற்று. அவற்றின் அழகு நிலைத்துள்ளது; எவர்பொருட்டு அவை படைக்கப்பட்டன என்னும் செய்தியோ கொள்ளையர் கலைத்த மண்ணோடு அழிந்தது. ஈமப்பொருளை ஆராய்வோர் பொருளினும் அது கிடந்த இடத்தையே முதற்சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.