விமானம் பறக்காத வருஷத்தில் பார்த்த படங்கள்

இன்றைய எபிசோடு 2020-இல் வந்த தமிழ்ப் படங்களைப் பற்றியது. எனக்குப் பிடித்த படங்கள்னு ஒரு பட்டியல் போட்டுப் பேசலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பட்டியலை எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதில் மூன்று படங்களை வேறு எந்த வருஷத்தில் பார்த்திருந்தாலும் இந்த அளவுக்கு மனசில் தங்கியிருக்குமான்னு சந்தேகம் வந்தது. மூன்றிலும் கொரோனா என்ற சொல்லே கிடையாது. ஆனால் கொரோனா காலத்தைப் பற்றிச் சொல்லுங்கன்னு யாராவது கேட்டால், நான் முதலில் இந்த மூன்றைத்தான் காட்டுவேன். அவற்றுக்கு வருவதற்கு முன்னால், அந்தப் படங்கள் நம் வீட்டுக்குள் வந்த வழியைச் சொல்லியாகணும். அந்தக் கதவு லேசில் திறக்கவில்லை.

வருஷம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. ஜனவரி 9 தர்பார், பொங்கலுக்குப் பட்டாஸ், 24ஆம் தேதி மிஷ்கினின் சைக்கோ. காதலர் தினத்தன்று ஓ மை கடவுளே வந்தது. கல்யாணத்துக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிற கடவுளாக விஜய் சேதுபதி உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி 28-இல் தேசிங்கு பெரியசாமியின் கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால். நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் போய்ப் பார்க்கிற வகைப் படம் அது. அப்படிச் சொல்லிச் சொல்லிப் பரவ இரண்டு வாரம்தான் கிடைத்தது. அந்தப் படத்தைப் பாராட்டி ரஜினிகாந்த் இயக்குநருக்குப் போன் பண்ணிப் பேசிய ஆடியோ சில மாதம் கழித்து வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கலாம். அதற்குள் தியேட்டரே இல்லை.

எனக்கு அதைவிடப் பாவமாகத் தோன்றுவது தாராள பிரபு. ஹரீஷ் கல்யாணும் விவேக்கும் நடித்த படம். மார்ச் 13, வெள்ளிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமை, அதாவது 16ஆம் தேதி, தமிழக அரசு தியேட்டர்கள், மால்கள், பள்ளிகள் எல்லாவற்றையும் மாத இறுதிவரை மூடச் சொல்லி அறிவித்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஒரு படத்தின் முதல் தியேட்டர் ஓட்டம் அவ்வளவுதான். விவேக் அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். அந்தப் படத்தில் அவர் செய்த டாக்டர் வேடத்தை முதல் ஓட்டத்தில் ஒரு கூட்டம் சேர்ந்து சிரித்துப் பார்த்தது அந்த நான்கு நாள்தான்.

அந்த வாரமே படப்பிடிப்புகளும் நின்றன. தினக்கூலியில் வாழ்கிற லைட்மேன்களுக்கும் செட் வேலை செய்கிறவர்களுக்கும் அரிசி வேண்டும் என்று ஃபெப்சி தலைவர் ஆர்.கே.செல்வமணி கேட்டார். ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார், சிவகுமார் குடும்பத்திலிருந்து 10 லட்சம் போனது. எடுத்து முடித்த படங்கள் டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தன. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஊரடங்கு பார்க்காமல் ஓடியது.

சரி, அப்போ நேராக வீட்டுக்கே கொடுத்துவிடலாமே? இந்த யோசனை 2020-இல் பிறந்ததில்லை. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் விஸ்வரூபம் படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச் வழியாக வீட்டு டிவியில் காட்டுவதாக இருந்தார். ஒரு காட்சிக்கு 1000 ரூபாய். தியேட்டர் உரிமையாளர்கள் படத்தைத் திரையிடவே மாட்டோம் என்றார்கள், திட்டம் பின்வாங்கப்பட்டது. அதன்பிறகு அந்தப் படம் சந்தித்த தடை தனிக்கதை, அதற்கு இன்னொரு எபிசோடு வேணும். 2015-இல் சேரன் வேறு வழியில் முயன்றார். சினிமா டு ஹோம் என்று ஒரு திட்டம் தொடங்கி, ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். அதுவும் நிலைக்கவில்லை. ஒருவர் 1000 ரூபாய்க்கு முயன்றார், ஒருவர் 50 ரூபாய்க்கு முயன்றார், இரண்டு பேராலும் தியேட்டர்காரர்களைத் தாண்ட முடியவில்லை.

ஆகவே 2020 ஏப்ரலில் ஜோதிகா நடித்த பொன்மகள் வந்தாள் நேரடியாக அமேசான் பிரைமில் வரும் என்று செய்தி வந்தபோது நடந்த சண்டை பழைய சண்டைதான். படத்தைத் தயாரித்தது சூர்யாவின் 2டி நிறுவனம். அப்படிச் செய்தால் இனி அந்த நிறுவனத்தின் எல்லாப் படங்களையும் ஓடிடியிலேயே வெளியிட்டுக்கொள்ளட்டும் என்று தியேட்டர் உரிமையாளர்கள் சங்கத்தின் சார்பில் பன்னீர்செல்வம் சொன்னார். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. திரையிட மாட்டோம் என்று மிரட்ட, திறந்திருக்கும் தியேட்டர் ஒன்றுகூட இல்லை! தயாரிப்பாளர்கள் பலர் சூர்யா பக்கம் நின்றார்கள். மே 29-இல் படம் வந்தது. அடுத்து ஜூன் 19-இல் கீர்த்தி சுரேஷின் பெண்குயின்.

உண்மையைச் சொன்னால் இந்த இரண்டு படமுமே என் பட்டியலில் இல்லை. பொன்மகள் வந்தாள் வரலாற்றில் இடம்பிடித்தது வந்த வழியால். படமாக அது நீதிமன்றத்தில் நீளமாகப் பேசிக்கொண்டே இருந்தது. இதே மே மாதத்தில், பொன்மகளுக்குச் சில நாள் முன்னால், கௌதம் மேனன் யூடியூபில் ஒரு குறும்படம் போட்டார், கார்த்திக் டயல் செய்த எண். சிம்புவும் த்ரிஷாவும் அவரவர் வீட்டில், ஐபோனில் எடுத்தது. விண்ணைத்தாண்டி வருவாயா பார்த்தவர்களுக்கு ஜெஸ்ஸி மறுபடி போன் எடுக்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. சண்டை போட்டவர்களும் உண்டு, எனக்குப் பிடிக்கும்.

இனி அந்த மூன்று படங்கள். வந்த வரிசையில் சொல்றேன்.

முதலாவது க/பெ ரணசிங்கம். அக்டோபர் 2, ஜீபிளெக்ஸில் 199 ரூபாய் கட்டிப் பார்க்கணும். இயக்குநர் விருமாண்டி. ராமநாதபுரத்துப் பக்கம் தண்ணீர் இல்லாத ஊர். வெளிநாட்டு வேலைக்குப் போன கணவன் அங்கே இறந்துவிடுகிறான். அவன் உடலை ஊருக்குக் கொண்டுவர ஐஸ்வர்யா ராஜேஷின் அரியநாச்சி, தாலுகா ஆபீஸில் தொடங்கி மேலே மேலே அலைகிறாள். படம் கொஞ்சம் நீளம், சில இடத்தில் மேடைப் பேச்சு. ஆனால் அதை நாம் பார்த்த மாதத்தை யோசியுங்க. மார்ச் கடைசியிலிருந்து சர்வதேச விமானங்கள் நின்றிருந்தன. வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர மே 7-இல்தான் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின. அந்த ஏப்ரலில் அங்கே இறந்தவர்களின் உடலைக் கொண்டுவருவதும் பெரும்பாடாக இருந்தது. உள்ளூரிலோ, அதே ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். ஓர் உடலை முறையாக வழியனுப்புவதற்கு ஒரு பெண் இவ்வளவு போராடணுமா என்று 2019-இல் கேட்டிருந்தால் அது வளைகுடாவுக்குப் போன குடும்பங்களின் கேள்வியாக இருந்திருக்கும். 2020 அக்டோபரில் அது எல்லார் வீட்டுக் கேள்வியாகவும் ஆகியிருந்தது.

இரண்டாவதை ஊகித்திருப்பீங்க. சுதா கொங்கராவின் சூரரைப் போற்று. ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய கதை, சாதாரண மனிதர்களும் விமானத்தில் ஏறணும் என்று ஒருவன் நினைக்கிற கதை. இந்தப் படத்தின் ஒரு பாட்டைப் பிப்ரவரி 13-இல் எப்படி வெளியிட்டார்கள் தெரியுமா? முதல்முறையாக விமானம் ஏறுகிற 100 குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, ஸ்பைஸ்ஜெட் விமானத்தில், நடுவானில். அடுத்த மாதக் கடைசியில் இந்தியாவில் ஒரு பயணிகள் விமானமும் பறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மே 25-இல்தான் உள்நாட்டு விமானங்கள் மறுபடி கிளம்பின. கோடையில் வரவேண்டிய படம் தள்ளிப்போய், ஆகஸ்ட் 22-இல் பிரைமில் வெளியிடுவதாக சூர்யா அறிவித்து, கூடவே 5 கோடி நன்கொடையும் சொன்னார். பெரிய நடிகரின் பெரிய படம், அதனால் கோபமும் பெரிதாக இருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 12-இல் வந்தது.

அதில் ஒரு காட்சி. அப்பா சாகக் கிடக்கிறார். ஏர்ஃபோர்ஸில் இருக்கும் நெடுமாறன் சோழவந்தானுக்குப் போகணும். டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துகிறான். யாரும் கொடுப்பதில்லை. ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது, ஊர்வசி அவனைத் திட்டி அழுகிறார்.

திரைக்கதைப்படி இந்தக் காட்சிக்கு ஒரு வேலைதான். விமானம் ஏன் எல்லாருக்கும் வேணும் என்று காட்டணும், அவ்வளவே. ஆனால் நவம்பரில் அதைப் பார்த்தவர்கள் யார்? அந்தக் கோடை முழுக்க மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்கியவர்கள். இறப்பு, திருமணம், மருத்துவ அவசரம் என்று காரணம் குறித்து, சான்று இணைத்து, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தவர்கள். மாநிலத்துக்குள் இ-பாஸை எடுத்தது செப்டம்பர் 1-இல். காசு இருந்தும் போகமுடியாதவர்கள், காசில்லாமல் போகமுடியாத நெடுமாறனைப் பார்த்து அழுதார்கள். வாட்ஸ்அப் கால் வழியாகத் தகனம் பார்த்த ஒரு தலைமுறைக்கு, சுதா கொங்கரா தெரியாமலே அந்தக் காட்சியை முன்கூட்டி எடுத்து வைத்திருந்தார். விசில் அடிக்கத்தக்க இடங்கள் படத்தில் எத்தனையோ உண்டு. அதை எல்லாம் தியேட்டரில் பார்த்திருந்தால் எப்படி இருக்கும்னு இப்பவும் பலர் ஏங்குகிறார்கள், நானும்தான். ஆனால் இந்த ஒரு காட்சி வீட்டில், பக்கத்தில் அம்மா இருக்க, இல்லாவிட்டால் தனியாக ஹெட்போனில் பார்க்க நேர்ந்தது சரியென்றே தோன்றுகிறது.

மூன்றாவது முழுப்படம் கிடையாது. டிசம்பர் 18-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பாவக் கதைகள் தொகுப்பின் கடைசிக் கதை, வெற்றிமாறனின் ஓர் இரவு. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் வாழும் கர்ப்பிணி மகளைப் பார்க்க அப்பா வருகிறார். பிரகாஷ்ராஜும் சாய் பல்லவியும். வளைகாப்புக்கு வீட்டுக்கு வாம்மா என்று கூப்பிட்டுப் போகிறார். பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள், ஒரே ராத்திரியில். பூட்டிய கதவு, தண்ணீருக்குத் தவிக்கும் மகள், வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பா. வீட்டிலேயே இருங்கள், வீடுதான் பாதுகாப்பு என்று வருஷம் பூராவும் போனில் காலர் டியூனாகவே கேட்டுக்கொண்டிருந்தோம். அதே வருஷம், ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களிலேயே, வீட்டு வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாக தேசிய மகளிர் ஆணையம் சொன்னது. அந்தச் செய்தி நாளிதழில் எங்கோ ஒரு மூலையில் வந்துபோனது. ஓர் இரவு அதை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் பார்க்கத் தொடங்கி, பாதியில் யாரும் யாரையும் பார்க்காமல் இருந்த வீடுகள் நிறைய இருக்கும்.

ஊரடங்கையே நேராகக் கதையாக்கியது அக்டோபர் 16-இல் வந்த புத்தம் புது காலை. ஐந்து இயக்குநர்கள், ஐந்து குறும்படங்கள். அதில் கௌதம் மேனனின் கதையில் எம்.எஸ்.பாஸ்கர் மகளைப் பற்றிப் பேசும் இடம் அருமை. ஆனாலும் பெரும்பாலான கதைகளில் அகலமான வீடு, பால்கனி, நல்ல காபி. ரேஷன் வரிசை இல்லை, நெடுஞ்சாலையில் நடந்துபோனவர்கள் இல்லை. பசியோடு இருக்கும் இரண்டு திருடர்களை கார்த்திக் சுப்பராஜ் மட்டும் உள்ளே விட்டார். கொரோனாவைப் பற்றி எடுத்த படம் கொரோனாவை விட்டு விலகி நின்றது, கொரோனா தெரியாத படங்கள் அதற்குள் போய்விட்டன. இதற்கு மேல் இதை விளக்க எனக்குத் தெரியலை.

தமிழகத் தியேட்டர்கள் நவம்பர் 10-இல் பாதி இருக்கைகளோடு திறந்தன. தீபாவளிக்கு பிஸ்கோத்தும் இரண்டாம் குத்தும்தான். எல்லாரும் காத்திருந்தது மாஸ்டருக்கு. ஏப்ரல் 9-இல் வரவேண்டிய படம், ஓடிடிக்குப் போகாமல் ஒன்பது மாதம் பொறுத்திருந்தது. 2021 ஜனவரி 4-இல் முழு இருக்கைக்கும் அனுமதி என்று அரசு ஆணை வந்தது, மத்திய அரசு ஆட்சேபித்தது, சில நாளில் மறுபடி பாதி. ஜனவரி 13-இல் படம் வந்தது. முகக்கவசத்துக்குள் விசில் அடிக்க முடியாது என்பதைப் பலர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள். இந்தப் படம் தியேட்டரைக் காப்பாற்றிவிட்டது என்றார்கள். சரியாக 16 நாள் கழித்து, ஜனவரி 29-இல், அதுவும் பிரைமுக்கு வந்துவிட்டது.

ஒரு பின்கதை மட்டும். 2020-க்கான தேசிய விருதுகள் 2022 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. சூரரைப் போற்றுக்கு ஐந்து. சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை. அறிமுக இயக்குநர் விருது மண்டேலாவுக்காக மடோன் அஸ்வினுக்கு. சென்சார் சான்றிதழ் தேதிதான் கணக்கு என்பதால் அது 2020 படம். நாம் பார்த்தது 2021 ஏப்ரலில், அதுவும் முதலில் விஜய் டிவியில், விளம்பர இடைவேளைகளோடு. வசந்தின் சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும் சிறந்த தமிழ்ப் படம். அது நம் கைக்கு வந்தது 2021 நவம்பரில். ஆகையால் என் பட்டியலைத் திருத்தணும்னு நினைக்கிறவங்க தாராளமாகத் திருத்தலாம். வாய்ஸ் நோட் அனுப்பும்போது படத்தின் பெயரோடு, எந்த ஊரில், எந்தத் திரையில், யார் கூட உட்கார்ந்து பார்த்தீங்க என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் அவற்றைப் போடுறோம்.