விடுதலையான மின்கலம்: 1996 உடன்படிக்கை பற்றி ஒரு மறுவாசிப்பு

கிறிஸ் பெயின் இயக்கி 2006இல் வெளிவந்த 'மின்காரைக் கொன்றது யார்?' என்ற ஆவணப்படம் ஒரு வழக்கு விசாரணைபோல் அமைந்தது. எண்ணெய் நிறுவனங்கள், கார் நிறுவனங்கள், அரசு, கலிபோர்னியா காற்றுவள வாரியம், நுகர்வோர், ஹைட்ரஜன் என எல்லோருக்கும் தண்டனை. மின்கலத்துக்கு மட்டும் விடுதலை. பின்னர் எழுதிய பலரும் இத்தீர்ப்பையே வழிமொழிகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த மின்கலம் விடுதலையானது என்று படம் கேட்கவே இல்லை.

ஜி.எம். நிறுவனத்தின் இவி1 கார் 1996இல் குத்தகைக்கு வந்தபோது அதில் இருந்தது காரீய-அமில மின்கலம்: 26 கட்டுகள், சுமார் 533 கிலோ எடை, 16.5 கிலோவாட்-மணி ஆற்றல். 1999 மாதிரியின் நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலமோ எடை குறைந்தும் 26.4 கிலோவாட்-மணி தந்தது. படம் கண்ணீர் வடிப்பது இந்த இரண்டாவதற்காக. காற்றுவள வாரியம் பிறப்பித்த 1990 ஆணையின் தலைவிதி 1996இல் முடிவானபோது சாலையில் ஓடத் தயாராக இருந்தது முதலாவதுதான்.

அந்த 1990 ஆணை, பெரிய நிறுவனங்கள் 1998இல் விற்கும் கார்களில் 2 விழுக்காடும் 2003இல் 10 விழுக்காடும் புகையற்றவையாக இருக்கவேண்டும் என்றது. மேம்பட்ட மின்கலங்கள் 1998க்குள் வணிக அளவில் கிடைக்கமாட்டா என வல்லுநர் குழு சொன்னதும், வாரியம் 1996 மார்ச்சில் இடைக்கால இலக்குகளைக் கைவிட்டது. படம் இதைச் சரணாகதி என்கிறது. பதிலுக்கு ஏழு நிறுவனங்களோடு கையெழுத்தான உடன்படிக்கையைப் பாருங்கள். 1998 முதல் 2000 வரை 1,800க்கு மேற்பட்ட கார்களை அவை கலிபோர்னியாவில் இறக்கவேண்டும். அந்தக் கார்கள் 'மேம்பட்ட மின்கலம்' கொண்டவையாக இருக்கவேண்டும். ஆணை காரை எண்ணியது. உடன்படிக்கை காருக்குள் இருப்பதைக் கேட்டது. இந்த ஒரு அடைமொழி காரீயத்தை வெளியே தள்ளியது. அப்படியானால், படம் துக்கம் கொண்டாடும் மின்கலத்தைச் சாலைக்குக் கொண்டுவந்ததே அது பழிக்கும் அந்தப் பின்வாங்கல்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஹோண்டாவின் இவி பிளஸ் 1997இலேயே ஹைட்ரைடோடு வந்தது. ஒரு காரை வடிவமைக்கச் சில ஆண்டுகளாவது பிடிக்கும் என்பதால், மின்கலத் தேர்வு உடன்படிக்கைக்கு முந்தியதாகவே இருக்கவேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்தில் அந்த மின்கலம் பிறக்கத் தூண்டியது 1990 ஆணையாக இருக்கலாம். 1991இல் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் மின்கல ஆய்வுக்குக் கூட்டமைப்பு கண்டதும் அதன் நிழலில்தான். ஆனால் எத்தனை கார்கள், எதுவரை என்பதைத் தீர்மானித்தது உடன்படிக்கை என்றே கருதுகிறேன். ஹோண்டா 1999இல் உற்பத்தியை நிறுத்தியது. இவி1 உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. ஹைட்ரைடு மின்கல நிறுவனத்தில் ஜி.எம். வைத்திருந்த பங்கு எண்ணெய் நிறுவனமான டெக்ஸகோ வழியாக ஷெவ்ரானிடம் போய்ச் சேர்ந்தது அதன் பிறகுதான். வாரியம் விதிகளை மீண்டும் தளர்த்தியதோ 2003இல். எண்ணெய்க்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் வந்தபோது பட்டறை ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது என்கிறேன்.

டொயோட்டா மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்க மறுக்கிறது. உடன்படிக்கைக் காலம் முடிந்த பின், 2002இல், அதே ஹைட்ரைடு மின்கலம் பொருத்திய ராவ்4 மின்காரை அது பொதுமக்களுக்கே விற்றது. 2003இன் 10 விழுக்காடு இலக்கு அப்போதும் ஏட்டில் இருந்தது ஒரு காரணமாகலாம். அதனால் மின்காரின் முடிவு ஆண்டை 1999 என்று அறுதியிடாமல், 1999க்கும் 2003க்கும் இடையில் என்றே குறிக்கிறேன்.